ஊதுறதா மறுக்கிறதா, பேசுறதா அமைதியா இருக்கிறதா, ஒத்துக்கிறதா வழக்காடுறதா: குடிச்சுட்டு ஓட்டுன (டிடி) கேஸ்ல எந்த முடிவு எங்க கொண்டு போய் விடும்

ராத்திரி வண்டிய ஓரங்கட்ட சொல்லி, டார்ச் அடிச்சு, கண்ணாடிய இறக்குங்கன்னு சொல்ற அந்த நிமிஷத்துல இருந்து கோர்ட்டுல பேர் கூப்பிடுற நாள் வரைக்கும், குடிச்சுட்டு ஓட்டி மாட்டுன ஒருத்தர் நாலஞ்சு இடத்துல முடிவு எடுக்க வேண்டி வருது. அந்த நாலஞ்சையும் பெரும்பாலான ஆளுங்க தலைகீழா எடுக்குறாங்க. ஊத சொன்னா மாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க, பேச வேண்டிய அவசியமே இல்லாத இடத்துல கதை கதையா பேசுறாங்க, கோர்ட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி கூட படிக்காம ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்துடுறாங்க. நான் சொல்ல வர்றது இதுக்கு நேர் எதிர்: ஊதிடுங்க, பேச்ச குறைச்சுக்குங்க, கோர்ட்டுல அவசரப்படாதீங்க. ஏன் அப்படின்னு ஒவ்வொண்ணா வச்சு பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இத தப்பிக்க வழி சொல்ற கட்டுரையா யாரும் படிக்க வேண்டாம். குடிச்சுட்டு ஓட்டுறவனால செத்தவங்க வீட்டுக்கு போய் உக்காந்து வந்தவன் நான், அந்த வீட்டு திண்ணைல என்ன பேசுறதுன்னே தெரியாம இருந்திருக்கேன். ஆனா தப்பு பண்ணவனுக்கும் சட்டம் சில உரிமை கொடுத்திருக்கு, அது தெரியாததால ஒரு தப்பு மூணு தப்பா மாறி நிக்குறத என் மச்சான் விஷயத்துல பக்கத்துல இருந்து பாத்தேன்.

எல்லாத்துக்கும் முதல் முடிவு வண்டிய எடுக்குறதா விடுறதாங்குறது தான். இதுல ஒப்பிட பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு கணக்கு மட்டும் தெரிஞ்சிருக்கணும். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு சராசரியா 100 மில்லி ரத்தத்துல 15ல இருந்து 20 மில்லிகிராம் அளவுக்கு தான் ஆல்கஹால கழிக்கும். காபி குடிச்சாலும் பச்சத்தண்ணில குளிச்சாலும் அந்த வேகம் கூடாது. அதனால ராத்திரி 12 மணிக்கு நிறுத்துன ஆள் தூங்கி எழுந்து காலைல 6 மணிக்கு தெளிவா இருக்கேன்னு கிளம்புனாலும், 12 மணிக்கு 150ல இருந்திருந்தா அப்பவும் 30க்கு மேல இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. இந்தியாவுல 30ங்குறது தான் எல்லையே. பிரிட்டன்ல ஸ்காட்லாந்து தவிர மத்த இடத்துல 80, ஸ்காட்லாந்துல 50, கனடால 80, ஜெர்மனி மலேசியால எல்லாம் 50, அமெரிக்கால யூட்டா ஸ்டேட் மட்டும் 50 மத்ததெல்லாம் 80. ஒரு நாட்டுல ஓட்டி பழகுனவர் அதே கணக்க இன்னொரு நாட்டுல வச்சுக்கிட்டா அங்கயே மாட்டிக்குவார்.

சரி, இப்ப ஊதுற விஷயம். மறுத்துட்டா ரீடிங் இல்ல, ரீடிங் இல்லன்னா கேஸ் நிக்காது, இப்படி ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா வாய் வழியா ஓடிட்டு இருக்கு. கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா சட்டம் எழுதுனவங்களும் அத யோசிச்சு தான எழுதியிருப்பாங்க. இந்திய மோட்டார் வாகன சட்டம் 203வது பிரிவு, சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தா யூனிஃபார்ம்ல இருக்குற போலீஸ் ஊத சொல்லலாம்னு சொல்லுது, மறுத்தாலோ ஊத முடியாம போனாலோ, குடிச்சிருக்காருன்னு சந்தேகிக்க காரணம் இருந்தா, வாரன்ட் இல்லாமலே அரெஸ்ட் பண்ணலாம்னும் அதே பிரிவு சொல்லுது. 205வது பிரிவு அதுக்கும் ஒரு படி மேல போகுது: நியாயமான காரணம் காட்டாம மறுத்தா அந்த மறுப்பையே போலீஸ் தரப்பு சாட்சியத்துக்கு வலு சேர்க்குற விஷயமா கோர்ட் எடுத்துக்கலாம். அதாவது ரீடிங்க கொடுக்காம காப்பாத்திக்கிட்டோம்னு நினைக்கிறவர், அந்த இடத்துல தனக்கு எதிரா வேற ஒரு சாட்சிய கையில கொடுத்துட்டு போறார்.

வெளிநாட்டுல இது இன்னும் கடுமை. பிரிட்டன்ல ஸ்டேஷன்ல கேக்குற சாம்பிள மறுத்தா அதுவே தனி குற்றம், 6 மாசம் வரைக்கும் ஜெயில், குறைஞ்சது 12 மாசம் ஓட்ட தடை, குடிச்சு ஓட்டுனதுக்கு இருக்குற அதே தண்டனை தான். கனடால பாருங்க, முதல் தடவ மாட்டி ரீடிங் 80ல இருந்து 119க்குள்ள இருந்தா குறைஞ்சபட்ச ஃபைன் 1,000 டாலர், ஊத மறுத்தா குறைஞ்சபட்சமே 2,000 டாலர். அங்க 2018 டிசம்பர்ல இருந்து சந்தேகம்னு ஒண்ணு இல்லாமலே, முறைப்படி நிறுத்துன எந்த டிரைவரையும் கையில மெஷின் இருந்தா அங்கயே ஊத சொல்லலாம். கலிஃபோர்னியால முதல் தடவ ஊதி லிமிட்ட தாண்டுனா லைசென்ஸ் 4 மாசம் சஸ்பெண்ட், மறுத்தா 1 வருஷம். எல்லா பக்கமும் கணக்கு ஒரே திசைல தான் போகுது, மறுப்பு தான் விலை கூட.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் குழப்பிக்கிறது இங்க தான். சில நாட்டுல ஊதல் ரெண்டு வகை. ரோட்டுல கையில வச்சிருக்குற சின்ன மெஷின்ல ஊதுறது ஒண்ணு, அரெஸ்ட் பண்ண பிறகு ஸ்டேஷன்ல பெரிய மெஷின்ல ஊதுறது இன்னொண்ணு. கலிஃபோர்னியால 21 வயசு தாண்டுனவர், ஏற்கனவே இந்த மாதிரி கேஸ்ல தண்டனையாகி கோர்ட் கண்காணிப்புல இல்லாதவர், அரெஸ்டுக்கு முந்தின அந்த சின்ன மெஷின வேண்டாம்னு சொல்லலாம், ஆனா அரெஸ்ட்டுக்கு அப்புறம் வர்ற டெஸ்ட்ட அப்படி வேண்டாம்னு சொல்ல முடியாது. ஜெர்மனில ரோட்டுல ஊதுறது இஷ்டம் தான், மறுத்ததுக்கு தண்டனை இல்ல, ஆனா சந்தேகம் இருந்தா நேரா ரத்தம் எடுக்க கூட்டிட்டு போயிடுவாங்க, அத மறுக்க முடியாது. பிரிட்டன்ல ரெண்டுமே கட்டாயம், ஆனா பொதுவா கோர்ட்டுல நிக்குறது ஸ்டேஷன் ரீடிங் தான், அதுலயும் ரெண்டு தடவ ஊத வச்சு எது கம்மியோ அத எடுத்துக்குவாங்க. எங்கயோ ஒரு நாட்டு வக்கீல் வீடியோல ஊதாதீங்கன்னு சொன்னத பாத்துட்டு அத நம்ம இடத்துல பண்றது தான் பெரிய ஆபத்து.

மச்சான் பண்ணது அத விட மோசம், அவன் மறுக்கவும் இல்ல ஊதவும் இல்ல. பிளாஸ்டிக் கவர கிழிச்சு வெள்ள குழாய மெஷின்ல சொருகி வாய்கிட்ட நீட்டி, பீப் சத்தம் நிக்குற வரைக்கும் விடாம ஊதுங்கன்னு அந்த போலீஸ்காரர் பொறுமையா தான் சொன்னாரு. இவன் கன்னத்த உப்பிக்கிட்டு மூக்கால மூச்ச விட்டுட்டு ஊதுற மாதிரி காட்டியிருக்கான், மெஷின் ரெண்டு தடவ காத்து பத்தலன்னு காட்டுச்சு, மூணாவது தடவையும் அதே. அதோட முடிஞ்சது. சட்டத்துல மறுத்தாலும் தவறுனாலும்னு சேர்த்து தான் எழுதியிருக்கு, அதனால பேப்பர்ல அவன் மறுத்தவன் கணக்குல தான் வந்தான். நிஜமாவே ஆஸ்துமாவோ நெஞ்சுல பிரச்சினையோ இருக்குறவங்க அத முதல் வார்த்தையா அப்பவே சொல்லணும், இன்ஹேலர் வச்சிருந்தா காட்டணும், ரத்தம் எடுத்துக்குங்கன்னு தானா கேக்கணும், அப்ப தான் பின்னாடி நியாயமான காரணம்னு சொல்ல முடியும். ஆறு மாசம் கழிச்சு கோர்ட்டுல வந்து எனக்கு வீசிங் இருக்குன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

ஊதும்போது கேக்க வேண்டியதும் சிலது இருக்கு, கேக்குறது தப்பே இல்ல. குழாய் புதுசா, சீல் பிரிக்காததா. ஊதுறதுக்கு முன்னாடி மெஷின் சைபர் காட்டுச்சா. ரீடிங் என்ன, நேரம் என்ன, ஸ்லிப் வருமா. கடைசி 15 நிமிஷத்துல எதாவது குடிச்சிருந்தா, ஏப்பம் வாந்தி வந்திருந்தா, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கொப்பளிச்சிருந்தா வாய்லயே மிச்சம் தங்கி ரீடிங் கூட காட்டும், அத சொல்லி 15, 20 நிமிஷம் விட்டு மறுபடி ஊத வைக்க கேக்கலாம். இந்தியாவுல 203வது பிரிவுல அரெஸ்ட் ஆனவருக்கு ஸ்டேஷன்ல மறுபடி ஊத ஒரு வாய்ப்பு கொடுக்கணும்னு அந்த பிரிவுலயே இருக்கு, இது தெரிஞ்சவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். மச்சானுக்கும் தெரியல, எனக்கும் அன்னைக்கு தெரியல. தெரிஞ்சிருந்தா அங்க போய் ஒழுங்கா ஊதி மறுத்தவன்ங்குற பேரையாவது மாத்தியிருக்கலாம்.

அமெரிக்கால ஊதலுக்கு முன்னாடி இன்னொரு கட்டம் வரும், கண்ண மட்டும் அசைச்சு பேனாவ தொடர்றது, கோட்டு மேல ஒன்பது அடி எடுத்து வச்சு நடந்து திரும்புறது, ஒத்தக்கால்ல நிக்குறது. பெரும்பாலான ஸ்டேட்ல இது கட்டாயம் இல்ல, மரியாதையா வேண்டாம்னு சொல்லலாம். ரெண்டையும் வச்சு பாத்தா எனக்கு தோணுறது, மெஷின் டெஸ்ட்ட விட இது தான் மறுக்க தகுந்தது, ஏன்னா கால் வலி, வயசு, பதட்டம், செருப்பு எல்லாம் இதுல ரிசல்ட்ட மாத்தும், மார்க் போடுறதும் எதிர்ல நிக்குற ஆள் தான்.

அடுத்தது பேசுறதா அமைதியா இருக்கிறதா. உண்மையான உரிமை இங்க தான் இருக்கு, ஆனா யாரும் பயன்படுத்துறது இல்ல. கண்ணாடி இறங்குன உடனே வர்ற முதல் வார்த்தை உலகம் பூரா ஒண்ணு தான் போல, ரெண்டு பீர் தான் சார். அது உண்மையோ பொய்யோ, குடிச்சேங்குறத ஒத்துக்கிட்டாச்சு, சந்தேகப்பட நியாயமான காரணம் வேணுங்குற சட்டத்துக்கு அந்த காரணத்த டிரைவரே எடுத்து கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் எங்க குடிச்சோம், எப்ப முடிச்சோம், யார் கூடன்னு ஒண்ணொண்ணா வரும், சொன்னதுல ஒரு நேரம் மாறி போனாலும் பொய் சொல்றான்னு ஆகும்.

சொல்லியே ஆக வேண்டியது பேரு, அட்ரஸ், காட்ட வேண்டியது லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ். அதுல பொய் கூடாது, மறைக்கவும் கூடாது. அதுக்கு மேல குடிச்ச கதைக்கு பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. இந்திய அரசியல் சட்டம் 20(3), குற்றம் சாட்டப்பட்டவர தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வற்புறுத்த கூடாதுன்னு சொல்லுது. அப்படின்னா ஊதுறதும் அதுல வராதான்னு கேப்பாங்க. வராது. 1961ல காத்தி காலு ஒகாத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டோட 11 நீதிபதி பெஞ்ச், கைரேகை கையெழுத்து மாதிரி கொடுக்குறது எல்லாம் தனக்கு எதிரா சாட்சி சொல்றது ஆகாதுன்னு சொல்லிடுச்சு. உடம்புல இருந்து கிடைக்குற தடயம் வேற, வாயால சொல்ற வார்த்தை வேற, இந்த கோடு தான் முக்கியம். அமெரிக்காலயும் கிட்டத்தட்ட அதே கோடு தான். 1990ல வந்த மியூனிஸ் கேஸ்ல, மாட்டுன ஆள்கிட்ட உன்னோட ஆறாவது பிறந்தநாள் என்ன தேதின்னு போலீஸ் கேட்டிருக்காங்க, அவருக்கு சொல்ல தெரியல. நாக்கு குழறுனத சாட்சியமா வச்சுக்கலாம், ஆனா உரிமைய சொல்லாம அந்த பிறந்தநாள் கேள்விய கேட்டு வாங்குன பதில வச்சுக்க கூடாதுன்னு அங்க சுப்ரீம் கோர்ட் பிரிச்சு சொன்னுச்சு. ஊதுங்க ஆனா பேசாதீங்கன்னு நான் சொல்றதுக்கு அடிப்படை இந்த கோடு தான்.

ஆனா அமைதியா இருக்கிறதுக்கும் எல்லா இடத்துலயும் ஒரே விலை இல்ல. பிரிட்டன்ல அரெஸ்ட் பண்ணும்போது சொல்ற எச்சரிக்கையே, நீங்க பேச வேண்டியதில்ல, ஆனா பின்னாடி கோர்ட்டுல நம்பி வாதாட போற ஒரு விஷயத்த இப்ப சொல்லாம விட்டா அது உங்களுக்கு பாதகமா ஆகலாம்னு தான் இருக்கும். அதனால அங்க சும்மா வாய மூடிட்டு இருக்கிறத விட, ஸ்டேஷன்ல இலவசமா கிடைக்குற டியூட்டி சொலிசிட்டர்ங்குற வக்கீல கேட்டு அவர் சொல்றபடி நடக்குறது நல்லது. அதுலயும் கவனம், வக்கீல் வர்ற வரைக்கும் ஊத மாட்டேன்னு சொன்னா அது மறுப்பு கணக்குல தான் போகும், அங்க கோர்ட்டுங்க அத ஒத்துக்கல. கனடால ரோட்டுல ஊதும்போது வக்கீல் உரிமை கிடையாது, அரெஸ்டுக்கு அப்புறம் உண்டு. இந்தியாவுல அரெஸ்ட் ஆனா என்ன காரணம்னு சொல்லணும், விருப்பமான வக்கீல கலந்து பேச விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், இது 22வது ஆர்டிகிள். போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்த கோர்ட்டுல குற்றத்த நிரூபிக்க பயன்படுத்த முடியாதுங்குறதும் உண்மை தான், ஆனா அத நம்பி மனசு விட்டு பேசிடாதீங்க, பேச்சோட பேச்சா கையெழுத்து வாங்குற பேப்பர்ல என்னென்ன ஏறும்னு அந்த நேரத்துல கண்ணுல படாது.

அமைதின்னா முறைக்கிறது இல்ல. சார், டெஸ்டுக்கு நான் ஒத்துழைக்கிறேன், மத்த கேள்விக்கு வக்கீல்கிட்ட பேசிட்டு பதில் சொல்றேன், இவ்வளவு தான், ஒரு தடவ சொன்னா போதும். நான் யார் தெரியுமான்னு ஆரம்பிக்கிறது, ஃபோன் போட்டு யார்கிட்டயாவது கொடுக்குறது, நோட்ட நீட்டுறது எல்லாம் தனித்தனியா புது கேஸ். லஞ்சம் கொடுக்குறதும் குற்றம் தான், வாங்குறது மட்டும் இல்ல. அதோட குடிச்சுட்டு ஓட்டுறத குற்றமாக்குற மோட்டார் வாகன சட்டம் 185வது பிரிவு இந்தியாவுல ஸ்பாட்ல சமரச கட்டணம் கட்டி முடிக்கிற பட்டியல்ல கிடையாது, கோர்ட்டுக்கு போயே ஆகணும், அதனால இங்கயே முடிச்சுக்கலாம்னு யாராவது சொன்னா அது சட்டத்துல இல்லாத வழி.

ரத்தம் எடுக்குறத பத்தி சுருக்கமா. ஊதுறத விட ரத்த பரிசோதனை நம்பகமானது, ஆனா அது எல்லா நேரமும் டிரைவருக்கு சாதகம்னு நினைக்க கூடாது. குடிச்சு முடிச்சு ரொம்ப நேரம் ஆயிருந்தா ஆஸ்பத்திரி போய் சேர்றதுக்குள்ள அளவு இறங்கும், கடைசி ரவுண்டு குடிச்சு அரை மணி நேரம் கூட ஆகலன்னா ஏறிட்டு இருக்கும், ரோட்டுல 28 காட்டுனது ஊசி குத்தும்போது 40 ஆகலாம். பிரிட்டன்ல எல்லைய கொஞ்சமா தாண்டுனவங்க ஊதலுக்கு பதிலா ரத்தம் கொடுக்குற சாய்ஸ் முன்னாடி இருந்துச்சு, 2015ல அத எடுத்துட்டாங்க. அமெரிக்கால 2016ல பர்ச்ஃபீல்ட் தீர்ப்பு, அரெஸ்ட் ஆனவர வாரன்ட் இல்லாம ஊத வைக்கலாம், ஆனா வாரன்ட் இல்லாம ரத்தம் கொடுக்கலன்னு குற்ற தண்டனை கொடுக்க முடியாதுன்னு பிரிச்சுது. இந்தியாவுல கவனிக்க வேண்டியது நேரம். 185க்காக 202வது பிரிவுல அரெஸ்ட் பண்ணா 2 மணி நேரத்துக்குள்ள பதிவு பெற்ற டாக்டர்கிட்ட பரிசோதனை நடக்கணும், நடக்கலன்னா காவல்ல இருந்து விட்டுடணும். பெண்ணா இருந்து டாக்டர் ஆணா இருந்தா இன்னொரு பெண் கூட இருக்கும்போது தான் ரத்தம் எடுக்கணும், 204வது பிரிவு. ஊசி குத்துற இடத்த ஸ்பிரிட் பஞ்சால துடைக்க கூடாது, பாட்டில்ல பேரு, நேரம், சீல் உங்க கண்ணு முன்னாடி போடுறாங்களான்னு பாருங்க. மச்சான் கூட நான் போய் உக்காந்திருந்த ஆஸ்பத்திரி வராண்டால, அவன் கைய பிடிச்சிருந்த நர்ஸ் ஸ்பிரிட் பாட்டில எடுத்துட்டு, சட்டுனு நிறுத்தி, இது அந்த கேஸ் தானன்னு கேட்டுட்டு கீழ வச்சுட்டு வேற பஞ்ச எடுத்தாங்க. அந்த ஒரு நொடில எனக்கு புரிஞ்சது இந்த விஷயத்துல சின்ன சின்னது எவ்வளவு முக்கியம்னு.

இனி கோர்ட். ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுறதா, இல்ல வழக்காடுறதா. மச்சான் கேஸ் வந்த அன்னைக்கு கோர்ட் வராண்டால ஒரு பதினஞ்சு பேர் நின்னோம், பேர் கூப்பிட கூப்பிட உள்ள போய் ஒத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை, வெளிய வந்து பணம் கட்ட வரிசை. பக்கத்துல நின்ன ஒரு பையன் கையில இருந்த ஸ்லிப்ப எட்டி பாத்தேன், 34ன்னு இருந்துச்சு. எப்ப நிறுத்துனாங்க எப்ப ஊதுனேன்னு கேட்டா தெரியாதுங்குறான், மெஷின் சர்டிஃபிகேட்டுன்னா என்னன்னு கேக்குறான். ஃபைன் தானண்ணா, கட்டிட்டு வேலைக்கு போகணும்னான். எனக்கு மனசே ஆறல, ஏன்னா அது ஃபைன் மட்டும் இல்ல.

2019 செப்டம்பர்ல இருந்து முதல் தடவைக்கு 10,000 ரூபாய் ஃபைன், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ரெண்டாவது தடவ 15,000, 2 வருஷம் வரைக்கும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது 20வது பிரிவு: 185ல தண்டனை ஆனா கோர்ட் குறைஞ்சது 6 மாசம் ஓட்ட தடை போடணும். ஒத்துக்கிறதும் தண்டனை தான். லைசென்ஸ நம்பி பொழைக்கிற டிரைவருக்கு 10,000 பெருசா 6 மாசம் பெருசா. அதோட அடுத்த தடவ மாட்டுனா இது முதல் தண்டனையா கணக்குல நிக்கும்.

அதுக்காக எல்லாரும் வழக்காடுங்கன்னு நான் சொல்லல. ரீடிங் 120, வீடியோ இருக்கு, நேரம் எல்லாம் ஒழுங்கா இருக்கு, மெஷின் சர்டிஃபிகேட் நடப்புல இருக்கு, அப்படிப்பட்ட கேஸ்ல வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலைஞ்சு வக்கீல் ஃபீஸ் கட்டி லீவ தொலைச்சு கடைசில அதே தண்டனைய வாங்குறதுல அர்த்தமே இல்ல, சீக்கிரம் ஒத்துக்கிறது தான் நேர்மையும் கூட. பிரிட்டன்ல முதல் வாய்ப்புலயே ஒத்துக்கிட்டா தண்டனைல மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறைப்பாங்க, ஓட்ட தடை மட்டும் அப்படி குறையாது, அதுக்கு கோர்ட் அனுமதிக்கிற மறுவாழ்வு கோர்ஸ் முடிச்சா நாலுல ஒரு பங்கு வரைக்கும் குறையும். அமெரிக்கால குற்றச்சாட்டையே குறைச்சு பேரம் பேசுற வழி சில ஸ்டேட்ல உண்டு, ஆனா லைசென்ஸ் சஸ்பெண்ட் தனி தண்டவாளத்துல ஓடும், கலிஃபோர்னியால அதுக்கு ஹியரிங் கேக்க 10 நாள் தான், கோர்ட் தேதிக்கு காத்திருந்தா அது கை விட்டு போயிடும்.

நான் சொல்றது ஒரே ஒரு வாய்தா மட்டும் கேளுங்கன்னு. கேஸ் பேப்பர் காப்பி வேணும், படிச்சுட்டு பதில் சொல்றேன்னு சொன்னா அது உரிமை. அந்த இடைவெளில பாக்க வேண்டியது: வண்டிய நிறுத்துன நேரம், ஊதுன நேரம், அரெஸ்ட் நேரம், மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா. மெஷின் நம்பரும் கடைசியா அளவு சரிபார்த்த தேதியும் இருக்கா. ரத்தம் எடுத்திருந்தா லேப் ரிப்போர்ட் வந்தாச்சா, அதுல இருக்குற சீல் நம்பரும் ஆஸ்பத்திரி நம்பரும் ஒண்ணா. ரீடிங்கே இல்லாம வாய் நாத்தம், கண் சிவப்புன்னு மட்டும் எழுதியிருந்தா கண்டிப்பா ஒத்துக்காம வக்கீல பாருங்க, ஏன்னா 185வது பிரிவுல முதல் பாதி 30ங்குற அளவ டெஸ்ட்ல காட்ட சொல்லுது. 34 மாதிரி ஓரத்துல நிக்குற ரீடிங்கும் அதே மாதிரி, பாக்காம விட கூடாதது. யாருக்காவது அடிபட்டிருந்தாலோ உயிர் போயிருந்தாலோ இந்த ஒப்பீடே செல்லாது, அது 185 மட்டும் இல்ல, பழைய இந்திய தண்டனை சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 106 (அலட்சியத்தால மரணம்), 105 (கொலைன்னு ஆகாத மரணம் விளைவித்தல்) வரைக்கும் போகும், டெல்லில 1999ல நடந்த பிஎம்டபிள்யூ கேஸ்ல 2012ல சுப்ரீம் கோர்ட் கொலைன்னு ஆகாத மரணம் விளைவித்த குற்றம்னே முடிவு பண்ணுச்சு. அங்க வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை கூட சொல்ல கூடாது.

வக்கீல் வைக்க காசு இல்லன்னு நிறைய பேர் அப்படியே ஒத்துக்கிறாங்க. இந்தியாவுல 1987 சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்கள், காவல்ல இருக்குறவங்க, வருமானம் குறைஞ்சவங்க எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துலயே ஆஃபீஸ் இருக்கும், மாஜிஸ்ட்ரேட்கிட்ட வாய விட்டு கேட்டாலே போதும்.

மச்சான் கேஸ்ல வாய்தா வாங்கி பேப்பர் பாத்தோம். நேரம் எல்லாம் சரியா இருந்துச்சு, ரத்தத்துல 96ன்னு வந்துச்சு, மறுத்ததும் எழுதியிருந்துச்சு. வக்கீல் அரை மணி நேரம் படிச்சுட்டு ஒத்துக்க சொன்னாரு, ஒத்துக்கிட்டான். 10,000 ஃபைன், 6 மாசம் ஓட்ட தடை. பாத்துட்டு ஒத்துக்கிட்டதுல என்ன வித்தியாசம்னு அவனே கேட்டான். எதுக்கு தண்டனைன்னு உனக்கு தெரியும்ல, அந்த வித்தியாசம் தான்னேன்.

கடைசியா இன்சூரன்ஸ், ஏன்னா ரீடிங் இல்லாம தப்பிச்சவங்க இங்க தான் விழுறாங்க. குடிச்சுட்டு ஓட்டும்போது ஆன சேதத்துக்கு சொந்த வண்டி கிளெய்ம் கிடைக்காதுன்னு பாலிசிலயே இருக்கும். ஊதல, ரத்தமும் எடுக்கல, எப்படி நிரூபிப்பாங்கன்னு கேக்கலாம். 2021ல சுப்ரீம் கோர்ட் ஒரு போர்ஷே கார் கேஸ்ல, டெஸ்ட் ரிசல்ட் இல்லன்னாலும் மத்த சூழ்நிலைய வச்சு போதைல ஓட்டுனாருன்னு கம்பெனி காட்டலாம்னு சொல்லி கிளெய்ம மறுத்தது சரின்னுடுச்சு. கிரிமினல் கேஸ்ல வேண்டிய அளவு நிரூபணம் இங்க வேண்டாம். அடிபட்ட எதிராளிக்கு போக வேண்டிய நஷ்ட ஈட்ட கம்பெனி கட்டுனாலும், அத திருப்பி உங்ககிட்ட வசூல் பண்ண வாய்ப்பு இருக்கு. அதனால விபத்து நடந்திருந்தா கிளெய்ம் ஃபார்ம்ல குடிக்கலன்னு எழுதிட்டு கோர்ட்டுல குடிச்சேன்னு ஒத்துக்குற தப்ப மட்டும் பண்ணிடாதீங்க, ரெண்டு பேப்பரையும் ஒரே வக்கீல்கிட்ட ஒண்ணா காட்டிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.